கெயின்ஸ்வில்லுக்குக் குடிவருகிறீர்களா? முதலில் முகவரியைப் பாருங்கள்

பெட்டி ஆறு, கைப்பை மூன்று, நான்கு வயதுப் பையன் ஒருவன். 2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இப்படித்தான் ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் வந்து இறங்கினோம். கணவருக்குப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் வேலை. விமான நிலையத்திலிருந்து நேரே சாவி வாங்கப் போனால், வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “உங்கள் லீஸ் 17ஆம் தேதிதானே தொடங்குகிறது?” என்றார். ஒப்பந்தத்தில் அது முதல் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள்தான் வாடகைத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் பன்னிரண்டு இரவுகள். அரிசி குக்கர் குளியலறை மேடையில்.

வருமான வரி இல்லாத மாநிலம், பெரிய நகரங்களைவிட வாடகை குறைவு என்று சொல்லித்தான் எல்லோரும் அனுப்பிவைத்தார்கள். பொய்யில்லை. ஆனால் கெயின்ஸ்வில் இருக்கும் அலாச்சுவா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) உங்கள் செலவை முடிவுசெய்வது வாடகை மட்டும் இல்லை. எந்த மாதத்தில் வருகிறீர்கள், எந்த முகவரியில் உட்காருகிறீர்கள் என்ற இரண்டும்தான். கரண்ட் கம்பெனி, பள்ளி, பஸ், உரிமம் எல்லாம் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நாங்கள் பட்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. வீடு தேடுமுன் காலண்டரைப் பாருங்கள்

ஊரே ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் கடிகாரத்தில் ஓடுகிறது. இலையுதிர்ப் பருவ வகுப்புகள் ஆகஸ்ட் பிற்பாதியில் தொடங்கும். அதனால் வளாகத்தைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில் பெரும்பாலான லீஸ்கள் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி, மறு வருடம் ஜூலை கடைசியில் முடிகின்றன. நடுவில் இருக்கும் இரண்டு வாரம் அவர்கள் பெயின்ட் அடிக்கவும் கம்பளம் மாற்றவும். அந்த இரண்டு வாரத்தில் வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வேலை தொடங்கும் தேதியைத் தள்ள முடியுமென்றால் செப்டம்பருக்குத் தள்ளுங்கள். முடியாதென்றால் ஏப்ரல், மே மாதத்திலேயே லீஸ் பேசிவிடுங்கள். டிசம்பரிலும் மே மாதத்திலும் பட்டம் முடித்துப் போகும் மாணவர்கள் மீதி மாதங்களுக்கான லீஸை மாற்றிவிட ஆள் தேடுவார்கள். முதல் சில மாதங்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அடுக்கக நிர்வாகம் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

2. விலாசத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கெயின்ஸ்வில் நான்கு கால்பகுதிகளாகப் பிரிந்தது. மெயின் ஸ்ட்ரீட்டும் யுனிவர்சிட்டி அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் இடம் நடுப்புள்ளி. வடமேற்கு, தென்மேற்கு, வடகிழக்கு, தென்கிழக்கு என்ற முன்னொட்டு இல்லாத விலாசம் விலாசமே இல்லை. அவென்யூக்கள் கிழக்கு மேற்காகவும் ஸ்ட்ரீட்டுகள் வடக்கு தெற்காகவும் ஓடும். முன்னொட்டை விட்டுவிட்டதால் எங்கள் மெத்தை ஊரின் மறு கோடிக்குப் போய்விட்டு, மூன்று நாள் கழித்து வந்தது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது தென்மேற்குப் பகுதியைத்தான்: ஆர்ச்சர் ரோடு, 34ஆம் ஸ்ட்ரீட், 20ஆம் அவென்யூ. ஷான்ட்ஸ் மருத்துவமனையும் பட்லர் பிளாசா கடைகளும் பஸ்களும் பக்கம். மாணவர் கூட்டம் அதிகம், வெள்ளிக்கிழமை இரவு தூக்கம் குறைவு. குழந்தை உள்ள குடும்பங்கள் மேற்கே தள்ளி ஹெய்ல் பிளான்டேஷன், டயோகா, ஜோன்ஸ்வில், நியூபெரி பக்கம் போகின்றன. அமைதி உண்டு, ஆனால் அங்கே இரண்டு கார் இல்லாமல் ஓடாது. வடக்கே அலாச்சுவா, ஹை ஸ்பிரிங்ஸ் போன்ற சிற்றூர்களில் வீட்டுக்கு இடம் தாராளம். தினமும் ஐ-75 நெடுஞ்சாலையில் வந்து போகத் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு விலாசம் பிடித்துவிட்டால் உடனே மூன்று விஷயம் பாருங்கள். நகர எல்லைக்குள்ளா, வெளியேயா? எந்த மின்சாரக் கம்பெனி? எந்தப் பள்ளி மண்டலம்? முதல் கேள்விக்குக் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டாளர் இணையதளத்தில் விலாசத்தைப் போட்டாலே பதில் வந்துவிடும். இலவசம்தான், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

3. லீஸ்: கையெழுத்துக்கு முன்

பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, ஒரு மாத வாடகை டெபாசிட் என்பது லேசாகத் தெரியும். பணம் போவது அங்கே இல்லை, சின்னச் சின்னக் கட்டணங்களில். எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு விளம்பரத்தில் இருந்த வாடகை 1,480 டாலர். முதல் பில்லில் வந்தது 1,565. வாசலிலிருந்து குப்பை எடுக்க, பூச்சிமருந்து அடிக்க, நீச்சல் குளத்துக்கு, கார் நிறுத்த என்று தனித்தனியாக. வேண்டாமென்றாலும் விட மாட்டார்கள். ஆகவே, “மாதாமாதம் கட்டாயமாகக் கட்ட வேண்டிய மொத்தம் எவ்வளவு?” என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கேட்கப்படும் காகிதங்கள்: பாஸ்போர்ட், விசா ஆவணம், வேலைக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள். வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். அமெரிக்காவில் கடன் வரலாறே இல்லாத புதியவர் என்றால் கூடுதல் டெபாசிட்டோ, உத்தரவாதம் தரும் ஆளோ கேட்பார்கள். விண்ணப்பக் கட்டணம் பெரியவர்களுக்குத் தலைக்கு ஒன்று, திரும்பி வராது. நாலு இடத்தில் ஒரே நாளில் விண்ணப்பித்துவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இந்த ஊரில் இரண்டு வகை லீஸ் உண்டு. அறைக்கு அறை தனி லீஸ் என்றால் உங்கள் அறை வாடகைக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. ஆனால் காலியாக இருக்கும் அடுத்த அறையில் நிர்வாகம் யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து விடலாம். கூட்டு லீஸ் என்றால் துணைக்கு வந்தவர் ஓடிவிட்டால் அவர் பங்கும் உங்கள் தலையில். வாடகை மலிவாகத் தெரிகிறதே என்று பார்த்தால், அது வீட்டுக்கா, ஓர் அறைக்கா என்று விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

குடிபோன அன்றே சுவர், கம்பளம், அடுப்பு, குளியல் தொட்டி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துத் தேதியோடு நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுங்கள். காலிசெய்தபின், பிடித்தம் எதுவும் இல்லையென்றால் டெபாசிட்டை 15 நாளில் தர வேண்டும். பிடிக்கப்போகிறார்கள் என்றால் 30 நாளுக்குள் காரணத்தோடு அறிவிப்பு அனுப்ப வேண்டும். இது ஃப்ளோரிடா சட்டம். அந்த அறிவிப்பு கிடைத்தபின் எதிர்ப்புத் தெரிவிக்க உங்களுக்கு 15 நாள்தான். புது விலாசத்தை எழுத்தில் கொடுக்காமல் போய்விட்டால் அறிவிப்பு பழைய தபால்பெட்டியில் தூங்கும்.

லீஸ் முடிகிறதே என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. போகிறேன் என்று 60 நாள் முன்பே எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் அதிகம். நோட்டீஸ் தேதியை இன்றே போனில் போட்டுவையுங்கள். வாடகைதாரர் காப்பீடும் எடுங்கள். கட்டடத்தின் காப்பீடு உங்கள் சாமான்களுக்கு இல்லை.

4. கரண்டும் தண்ணீரும்

நகரத்துக்குள் பெரும்பாலும் ஜி.ஆர்.யு. எனப்படும் கெயின்ஸ்வில் ரீஜனல் யுட்டிலிட்டீஸ். கரண்ட், தண்ணீர், கழிவுநீர், சில இடங்களில் எரிவாயு எல்லாம் ஒரே பில்லில் வரும். கவுண்டியின் மற்ற பகுதிகளில் க்ளே எலக்ட்ரிக் கூட்டுறவு, டியூக் எனர்ஜி இருக்கின்றன. அலாச்சுவா, நியூபெரி ஊர்களுக்குத் தங்கள் சொந்த மின் விநியோகம் உண்டு. கம்பெனியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, விலாசம்தான் தேர்ந்தெடுக்கிறது. ஒரே அளவு வீடாக இருந்தாலும் தெரு மாறினால் பில் மாறும். வீடு பார்க்கப் போகும்போது, முன்பு இருந்தவரின் ஆகஸ்ட் பில் எவ்வளவு என்று கேளுங்கள். ஜனவரி பில்லைக் காட்டினால் நம்பாதீர்கள். எங்களுக்கு ஜனவரியில் 110 டாலர் வந்த அதே வீட்டுக்கு ஆகஸ்டில் 215 வந்தது. மே முதல் அக்டோபர் வரை ஏ.சி. ஓயாது.

கடன் வரலாறு இல்லையென்றால் இங்கேயும் டெபாசிட் கேட்பார்கள். இணைப்பைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் போடுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

5. எஸ்.எஸ்.என்., முகவரிச் சான்று, ஓட்டுநர் உரிமம்

வேலை விசாவில் வந்தவர் முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் எஸ்.எஸ்.என். எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எச்-4 போன்ற சார்பு விசாவில், வேலை அனுமதி இல்லாமல் வந்தவருக்கு எண் கிடையாது. ஆனால் அவரும் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். எண் வழங்கப்படவில்லை என்று ஒரு கடிதம் தருவார்கள். அதை வாங்கி வையுங்கள், உரிமம் எடுக்கும்போது கேட்பார்கள்.

ஃப்ளோரிடாவில் குடியேறியவர் 30 நாளுக்குள் இந்த மாநில உரிமம் எடுக்க வேண்டும். உரிமம் தருவது கவுண்டியின் வரி வசூல் அலுவலகம். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், காருக்குப் பதிவு எண் தருவதும் அவர்கள்தான். இணையத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-797 (விசா மனு ஒப்புதல் அறிவிப்பு) அல்லது மாணவர் என்றால் ஐ-20 (கல்லூரி தரும் சேர்க்கைப் படிவம்), எஸ்.எஸ்.என். அட்டை அல்லது அந்தக் கடிதம், இந்திய உரிமம், அப்புறம் முகவரிச் சான்று இரண்டு. இந்த “இரண்டு” என்பதில்தான் நான் விழுந்தேன். லீஸில் என் பெயர் இருந்தது. கரண்ட், இணையம், வங்கி எல்லாம் கணவர் பெயரில். வரிசையில் நின்று, கவுன்டர் வரை போய், திரும்பி வந்தேன். வங்கிக் கணக்கில் என் பெயரையும் சேர்த்து, அந்த விலாசத்துக்கு ஒரு மாதக் கணக்கு அறிக்கை வரும்வரை காத்திருந்து மறுபடி போனேன். ஐந்து வாரம் வீண்.

எழுத்துத் தேர்வில் 50 கேள்வி, 40 சரியாக இருக்க வேண்டும். மாநிலத்தின் கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்தால் போதும். நம்மூரில் இருபது வருடம் ஓட்டியவர்கள்தான் படிக்காமல் போய்த் தோற்கிறார்கள். “ஸ்டாப்” பலகையில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஓட்டும் தேர்வுக்குக் காப்பீடு உள்ள கார் நீங்களே கொண்டுவர வேண்டும். புது உரிமத்துக்கு 48 டாலர், அலுவலகச் சேவைக் கட்டணம் 6.25. எழுத்துத் தேர்வில் தோற்று மறுபடி எழுதினால் 10, ஓட்டும் தேர்வுக்கு 20. விசாவில் இருப்பவருக்கு முதலில் தாள் அனுமதிதான் கையில் கிடைக்கும். ஆவணச் சரிபார்ப்பு முடிந்து அட்டை வரும்வரை வெளியூர்ப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக் கட்டணத்தில் மாநிலவாசிச் சலுகை கேட்கும் எண்ணம் இருந்தால், வகுப்பு தொடங்கும் முன் 12 மாதம் இங்கே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். உரிமம், வாகனப் பதிவு, லீஸ் ஆகியவற்றின் தேதிகள் அங்கே உதவும். எஃப்-1 மாணவர்களுக்கு எத்தனை வருடம் இருந்தாலும் அந்தச் சலுகை இல்லை. ஆகவே அந்தக் கணக்கைப் போட்டு ஏமாற வேண்டாம்.

6. கார் வேண்டுமா?

தனியாளாக வந்து, பஸ் பாதையில் வீடு எடுத்தால் முதல் வருடம் கார் தேவையில்லை. ஆர்.டி.எஸ். நகரப் பஸ்ஸில் பல்கலைக்கழக அட்டை இருந்தால் மாணவருக்கும் ஊழியருக்கும் டிக்கெட் கிடையாது. குடும்பத்தாருக்கு என்ன கட்டணம் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களிலும் கோடையிலும் பஸ் எண்ணிக்கை சட்டென்று குறையும். வீடு பார்க்கும்போது ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைப் பாருங்கள், செவ்வாய்க்கிழமையுடையதை அல்ல.

கார் வாங்கினால் விலைக்கு மேல் என்ன வரும் என்று எங்கள் கணக்கைச் சொல்கிறேன். பழைய கார், 9,000 டாலர். மாநில விற்பனை வரி 6 சதவீதம், அதாவது 540. கவுண்டியின் கூடுதல் வரி 1.5 சதவீதம், ஆனால் அது முதல் 5,000 டாலருக்கு மட்டும், ஆக 75. மாநிலத்தில் முதல்முறையாக வண்டி பதிவுசெய்வதற்கு 225. மொத்தம் 840. இதற்கு மேல் நம்மூர் ஆர்.சி. புக் போன்ற டைட்டில், நம்பர் பிளேட் கட்டணங்கள். காட்சியறையில் வாங்கினால் அவர்களின் சொந்தக் கட்டணம் சில நூறு டாலர் தனி. அதைப் பேரம் பேச முடியாது என்பார்கள். காரின் விலையில் பேசிக் குறையுங்கள்.

தனி ஆளிடம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: இங்கே நம்பர் பிளேட் காரோடு வராது, விற்றவர் கழற்றி எடுத்துக்கொள்வார். டைட்டிலை வாங்கிக்கொண்டு, அலுவலகம் திறந்திருக்கும் நாளில் பேரத்தை முடியுங்கள். சனிக்கிழமை மாலை வாங்கிவிட்டு ஓட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்காதீர்கள்.

காப்பீட்டில் சட்டம் கேட்பது குறைவு: சொந்தக் காயத்துக்கு 10,000, மற்றவர் சொத்துச் சேதத்துக்கு 10,000 டாலர். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மற்றவருக்கு ஏற்படும் உடற்காயத்துக்கான பகுதி கட்டாயம் இல்லை என்பதால் பலர் எடுப்பதில்லை. ஒரு விபத்தில் நம் சேமிப்பு மொத்தமும் போய்விடும். காப்பீடில்லாத வண்டி இடித்தால் கைகொடுக்கும் பகுதியையும் சேர்த்து எடுங்கள். அமெரிக்க ஓட்டுநர் வரலாறு இல்லாத இருவருக்கு எங்களிடம் மாதம் 240 டாலர் வாங்கினார்கள்.

7. பிள்ளைகளின் பள்ளி

செப்டம்பர் 1 அன்றோ அதற்கு முன்போ ஐந்து வயது நிரம்பியிருந்தால் கிண்டர்கார்ட்டன். ஒரு நாள் தள்ளிப் பிறந்தாலும் அரசுப் பள்ளியில் அடுத்த வருடம்தான். நான்கு வயது நிரம்பிய குழந்தைக்கு வி.பி.கே. என்ற இலவச முன்பருவக் கல்வி உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இலவசம் என்பது பள்ளி ஆண்டுக்கு 540 மணி நேரம், கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். மாலை வரை விடுவதற்கு எங்களுக்கு மாதம் 700 டாலர் ஆனது.

சேர்க்கைக்கு இரண்டு படிவம் வேண்டும்: தடுப்பூசிக்கு டி.எச். 680, உடல் பரிசோதனைக்கு டி.எச். 3040. ஊரில் போட்ட ஊசிப் புத்தகத்தைப் பள்ளி நேரடியாக ஏற்காது. கவுண்டி சுகாதாரத் துறையிலோ குழந்தை மருத்துவரிடமோ கொடுத்து ஃப்ளோரிடா படிவத்தில் ஏற்றி வாங்க வேண்டும். தேதிகள் தெளிவில்லாத புத்தகமாக இருந்தால், கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஜூலையில் மருத்துவர் நேரம் கிடைப்பது கடினம்.

பள்ளி மண்டல எல்லைகள் மாறக்கூடியவை. வீட்டுத் தரகர் சொன்னார் என்று நம்பாமல் பள்ளி மாவட்டத்திடமே விலாசத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

8. மளிகை

சமைக்காத உணவுப் பொருளுக்கு விற்பனை வரி இல்லை. சூடாகத் தயாரித்து விற்பதற்கு உண்டு. இந்தக் கவுண்டியில் மொத்தம் 7.5 சதவீதம். இந்தியக் கடைகள் ஊரிலேயே இருக்கின்றன, இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் கிடைக்கும், முருங்கைக்காய் உறைந்தது எப்போதும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை வரும் நாளைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மூவருக்கும் மாதம் 650 டாலர் ஆகிறது.

9. வீடு வாங்கும் ஆசை வந்தால்

அவசரப்படாதீர்கள். தோழி ஒருத்தி பட்டதைச் சொல்கிறேன். விளம்பரத்தில் போன வருடச் சொத்து வரி என்று இருந்த தொகையை வைத்து மாதத் தவணை கணக்குப் போட்டாள். விற்றவர் இருபது வருடம் அங்கே குடியிருந்தவர். சொந்தக் குடியிருப்புச் சலுகை பெற்ற வீட்டுக்கு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வரி மதிப்பை ஏற்ற முடியாது என்பது ஃப்ளோரிடா விதி. வீடு கைமாறியதும் அடுத்த ஜனவரி 1 அன்று மதிப்பு சந்தை விலைக்குப் போய்விட்டது. தவணை எகிறியது. இந்த ஊரில் பல்கலைக்கழக நிலத்துக்கும் அரசு நிலத்துக்கும் சொத்து வரி இல்லை என்பதால் மற்றவர் மீது சுமை கொஞ்சம் அழுத்தமாகவே விழும்.

அவளுக்கு இன்னோர் அடியும் இருந்தது. தற்காலிக விசாவில் இருப்பவர் நிரந்தரக் குடியிருப்பைக் காட்ட முடியாது என்பதால் பொதுவாக அந்தச் சலுகைக்கே விண்ணப்பிக்க முடியாது. எச்-1பி வேலை விசாவில் வீடு வாங்குபவர்கள் முழு வரியை வைத்துக் கணக்குப் போடுங்கள். பச்சை அட்டை உள்ளவர்கள் ஜனவரி 1 அன்று அந்த வீட்டில் குடியிருந்து, மார்ச் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும். வரி பில் நவம்பரில் வரும். அந்த மாதமே கட்டினால் 4 சதவீதத் தள்ளுபடி.

காப்பீட்டு விலையை வீட்டு விலை பேசும் முன்பே கேளுங்கள். கூரையின் வயது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காற்று எதிர்ப்புப் பரிசோதனை அறிக்கை இருந்தால் கட்டணம் குறையும். இந்த நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மண் உள்வாங்கிப் பள்ளம் விழுவது உண்டு. டெவில்ஸ் மில்ஹாப்பர் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தால் எவ்வளவு பெரிய பள்ளம் என்று புரியும். வீடே குடியிருக்க முடியாதபடி திடீரென்று சரிந்தால்தான் சாதாரணக் காப்பீடு வரும். மற்ற பள்ளச் சேதத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். வெள்ளக் காப்பீடும் தனி, பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் செய்தி பார்த்துவிட்டு எடுக்க முடியாது.

10. புயலும் கால்பந்தும்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். கடல் தூரம் என்பதால் அலை வராது, மரம் விழும். எங்கள் தெருவில் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. எங்களுடையது மின்சார அடுப்பு. மாவு புளித்து வழிந்ததுதான் மிச்சம். தண்ணீர், பேட்டரி, ஒரு சின்ன கேஸ் அடுப்பு ஆகியவற்றை மே மாதத்திலேயே வாங்கிவையுங்கள். அடுப்பை வீட்டுக்குள் மூட்டாதீர்கள்.

இலையுதிர்ப் பருவத்தில் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஊரில் நடக்கும் சனிக்கிழமைகளில் யுனிவர்சிட்டி அவென்யூ பக்கம் தலைவைக்க முடியாது. ஹோட்டல் அறை விலை பல மடங்கு ஏறும். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுமுன் ஆட்ட அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்க்கவில்லை. ஜாக்சன்வில்லில் இறங்கியவர்களை அழைத்துக்கொண்டு வந்தபோது, ஆட்டம் முடிந்த கூட்டத்தில் கடைசி மூன்று மைலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்பா, “மீனாட்சி கல்யாணமா நடக்குது?” என்றார்.